30,784 கம்பிகள்: நியூயார்க் ஒரு பாலத்தை இடிக்காமல் விட்ட கதை

இந்த எபிசோட் ஒரு பாலத்தைப் பற்றியது. நியூயார்க் பாலம்னு சொன்ன உடனே உங்க மனசுல வர்ற பாலம் இல்லை. அது புரூக்ளின் பாலம். கல் கோபுரம், போஸ்டர், சினிமா, டி-ஷர்ட் எல்லாம் அதுக்குத்தான். அதுக்கு வடக்கே, அதே ஈஸ்ட் ரிவர் மேல, இன்னொரு தொங்கு பாலம் இருக்கு. வில்லியம்ஸ்பர்க் பாலம். கட்டின நாளிலிருந்தே பல பேர் அதை அழகில்லாத பாலம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு அது பிடிக்கும், ஆனா அந்தக் கருத்தில் எனக்குக் கூட்டம் குறைவு.

1988 ஏப்ரல் 12, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு நியூயார்க் நகரம் அந்தப் பாலத்தை மொத்தமாக மூடியது. கார், லாரி, பஸ், ரயில் எதுவும் போகக்கூடாது. தினமும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கடக்கிற பாலம் அது. சோதனைக்குப் போன இன்ஜினியர்கள், பாலத்தின் அடியில் குறுக்கே ஓடுகிற இரும்பு உத்திரங்களைப் பார்த்துவிட்டு, இதுக்கு மேல வண்டியை விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஜே, எம் ரயில்கள் சுமார் இரண்டு மாதத்துக்கு ஆற்றைத் தாண்டவில்லை.

விபத்து நடக்கவில்லை. யாரும் சாகவில்லை. நடந்தது இவ்வளவுதான்: ஒரு நகரம் தன் பாலத்தைத் தானே பயந்து மூடியது. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. 85 வயசான இந்தக் கிழவியை இடிச்சுட்டு புதுசு கட்டலாமா, இல்லை வைத்தியம் பார்க்கலாமா? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு, 1903க்கும் முன்னாடி ஒருத்தர் எடுத்த ஒரு முடிவை இன்ஜினியர்கள் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

புரூக்ளின் பாலம் 1883இல் திறக்கப்பட்டது. கட்ட 14 வருஷம் ஆனது. வடிவமைத்த ஜான் ரோப்ளிங் வேலை தொடங்கும் முன்பே காலில் அடிபட்டு, டெட்டனஸ் வந்து இறந்துபோனார். மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பெடுத்து, ஆற்றுக்கு அடியில் அஸ்திவார வேலையில் உடம்பு கெட்டு, வீட்டு ஜன்னலிலிருந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். மனைவி எமிலிதான் கட்டுமான இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நடந்து வேலையை முடித்தார். இதெல்லாம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

நமக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு சம்பவம். கேபிளுக்குக் கம்பி சப்ளை செய்யும் கான்ட்ராக்ட் ஜே. லாயிட் ஹெய் என்பவருக்குப் போனது. 1878இல் தெரிய வந்தது: மனுஷன் ஏமாற்றிக்கொண்டிருந்தார். சோதனையில் தேறின நல்ல கம்பியைக் காட்டி சீட்டு வாங்கிக்கொள்வார், வழியில் அதை மாற்றி மட்டமான கம்பியை அனுப்பிவிடுவார். கண்டுபிடித்தபோது நிறைய கம்பி ஏற்கெனவே கேபிளுக்குள் போய்விட்டது. வெளியே எடுக்க முடியாது.

வாஷிங்டன் ரோப்ளிங் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கேபிளை அவர் தேவைக்கு ஆறு மடங்கு பலமாக டிசைன் செய்திருந்தார். இதை நம்ம ஊர் ஊஞ்சலை வைத்துப் பாருங்கள். ஊஞ்சலில் 100 கிலோ ஆள் உட்காரப் போகிறார். 600 கிலோ தொங்கவிட்டால்தான் அறும் என்கிற சங்கிலியை மாட்டுகிறோம். அந்த ஆறுதான் பாதுகாப்புக் காரணி. ஹெய் செய்த மோசடியால் அது ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்திருக்கும் என்று ரோப்ளிங் முடிவு செய்தார். ஐந்தே போதும். இருந்தாலும் ஒவ்வொரு கேபிளிலும் சுமார் 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார். ஹெய்யின் மட்டமான கம்பி இன்றைக்கும் அந்தப் பாலத்தில் பாரம் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்றும் ரோப்ளிங் செய்திருந்தார். புரூக்ளின் பாலத்தின் கேபிள் கம்பிகள் எல்லாம் துத்தநாகம் பூசிய ஸ்டீல் கம்பிகள். வீட்டில் ஜி.ஐ. பைப், ஜி.ஐ. ஷீட் என்று சொல்கிறோமே, அந்தப் பூச்சுதான். மொட்டை மாடியில் துணி காயப்போட கட்டும் கொடிக் கம்பி ஜி.ஐ.யாக இருந்தால் மழையில் வருஷக்கணக்கில் கிடக்கும். சாதாரணக் கம்பி என்றால் அடுத்த வருஷம் வெள்ளை வேட்டியில் காவிக்கோடு விழும்.

இப்போ வில்லியம்ஸ்பர்க். 1896இல் வேலை தொடங்கி 1903 டிசம்பர் 19இல் திறந்தார்கள். தலைமை இன்ஜினியர் லெஃபெர்ட் பக். புரூக்ளினுக்கு 14 வருஷம் ஆன இடத்தில் இவர் ஏழே வருஷத்தில் முடித்தார். கல் கோபுரத்தை விட்டுவிட்டு கோபுரத்தையும் ஸ்டீலில் கட்டினார். நடுத் தாவு 1,600 அடி. புரூக்ளினை விட நாலரை அடி அதிகம். அந்த நாலரை அடியால் உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம் என்ற பெயர் 1924 வரைக்கும் இதனிடம் இருந்தது. நாலரை அடி! இதில் வீம்பே இல்லை என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

நாலு பிரதான கேபிள்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 47 சென்டிமீட்டர் தடிமன். ஒவ்வொன்றுக்குள்ளும் 37 கற்றை, கற்றைக்கு 208 கம்பி. பெருக்கினால் 7,696. நாலு கேபிளுக்கும் சேர்த்து 30,784 கம்பிகள். நீட்டிப் போட்டால் 28,000 கிலோமீட்டர் வரும்.

அந்த 30,784இல் ஒன்றுக்குக்கூட துத்தநாகம் பூசவில்லை.

ஏன்? பூச்சு போட்டால் கம்பியின் பலம் கொஞ்சம் குறைகிறது என்ற கருத்து அன்றைக்கு இன்ஜினியர்களிடம் இருந்தது. செலவும் ஒரு காரணம். வெளியிலிருந்து நல்லா மூடிவிட்டால் உள்ளே தண்ணீர் எப்படிப் போகும் என்ற நம்பிக்கை இன்னொன்று. கம்பிகளுக்கு எண்ணெயும் கிராஃபைட்டும் கலந்த பூச்சைத் தடவினார்கள். மேலே எண்ணெயில் ஊறவைத்த துணியைச் சுற்றினார்கள். அதற்கு மேல் மெல்லிய இரும்புத் தகட்டுக் கவசம். பக் முட்டாள் இல்லை, திருடரும் இல்லை. அவர் போட்ட கம்பி, புதுசாக இருக்கும்போது, ஹெய் விற்ற கம்பியை விடப் பல மடங்கு உயர்ந்த சரக்கு.

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப உறுத்துகிற இடம் இதுதான். ஒரு பாலத்தில் திருட்டுக் கம்பி, ஆனால் மேலே பூச்சு, கூடவே ஆறு மடங்கு யோசித்த ஒரு டிசைனர். இன்னொரு பாலத்தில் நேர்மையான கம்பி, பூச்சு இல்லை. நூறு வருஷம் கழித்து எது நலமாக இருந்தது என்று பார்த்தால், திருட்டுக் கம்பிதான்.

வில்லியம்ஸ்பர்க்குக்கு ஜாதகமே சரியில்லை போல. திறப்பதற்கு ஒரு வருஷம் முன்பு, 1902 நவம்பரில், மன்ஹாட்டன் பக்கக் கோபுரத்தின் உச்சியில் தீப்பிடித்து, கேபிளின் வெளிப்பக்கக் கம்பிகள் கொஞ்சம் சூட்டில் பாதிக்கப்பட்டன. அதைச் சரிசெய்து திறந்தார்கள். பத்து வருஷத்துக்குள்ளேயே அறுந்த கம்பிகள் கண்ணில் பட ஆரம்பித்தன. தகட்டுக் கவசத்துக்குள் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. 1920களின் தொடக்கத்துக்குள் அந்தக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, துத்தநாகம் பூசிய மெல்லிய கம்பியால் கேபிளை நெருக்கமாகச் சுற்றினார்கள். அதிலும் துரு நிற்கவில்லை. நாற்பதுகளில் கேபிளுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றினார்கள். அறுபதுகளில் மீன் எண்ணெய். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே மீன் எண்ணெயைக் கரைப்பானோடு கலந்து ஒரு தொங்கு பாலத்தின் கேபிளுக்குள் இறக்கினார்கள்.

இதற்கிடையில் பாலத்துக்கு ஒரு ஊர் வாழ்க்கையும் இருந்தது. மன்ஹாட்டன் பக்கம் லோயர் ஈஸ்ட் சைடு, புறாக்கூடு மாதிரி வீடுகளில் யூதக் குடியேறிகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். பாலம் திறந்ததும் அவர்கள் கூட்டம் கூட்டமாக புரூக்ளின் பக்கம் குடிபோனார்கள். யூதர் நெடுஞ்சாலை என்று பத்திரிகைகள் அதைக் கிண்டலாக எழுதின. அப்புறம் 1959இலிருந்து 1961 வரை ஒரு ஆள் அந்தப் பாலத்தின் நடைபாதையில் நின்று, மணிக்கணக்கில் சாக்ஸபோன் சாதகம் செய்துகொண்டிருந்தார். சன்னி ராலின்ஸ். அப்போதே பெரிய பெயர். கச்சேரிகளை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று பாலத்துக்கு வந்து வாசித்தார். திரும்பி வந்து 1962இல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயர் தி பிரிட்ஜ். அவர் வாசித்துக்கொண்டிருந்த வருஷங்களில் தலைக்கு மேலே கேபிள் துருப்பிடித்துக்கொண்டிருந்தது.

சரி, இப்போ அமெரிக்கா முழுக்க என்ன நடந்தது என்று வேகமாகப் பார்த்துவிடுவோம். இது தெரியாமல் 1988 புரியாது.

1967 டிசம்பர் 15. மேற்கு வர்ஜீனியாவில் பாயின்ட் பிளசன்ட் என்ற ஊர். கிறிஸ்துமஸ் நேரம், சாயங்காலம், ஓஹையோ ஆற்றுப் பாலம் நிறைய கார்கள். சில்வர் பிரிட்ஜ் என்று பெயர். 1928இல் கட்டியது. மொத்தமாக ஆற்றில் விழுந்தது. 46 பேர் இறந்தார்கள். இந்தப் பாலத்தில் கம்பிக் கேபிள் கிடையாது. இரண்டு பக்கமும் துளை போட்ட இரும்புப் பட்டைகளைக் கோத்துச் சங்கிலி மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டை. அதில் ஒரு பட்டையின் துளை ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு விரிசல். அந்த ஒரு பட்டை போனது, பாலம் முழுசும் போனது. அதுக்கு முன்னாடி பாலத்தை வருஷக்கணக்கில் திரும்பிப் பார்க்காவிட்டால்கூட கேட்க நாடு தழுவிய சட்டம் இல்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் 1971இல் தேசிய அளவில் பாலச் சோதனை விதிகள் அமலுக்கு வந்தன.

1973இல், அதே டிசம்பர் 15, நியூயார்க்கில் வெஸ்ட் சைடு ஹைவே என்ற மேம்பாலச் சாலையில் ஒரு லாரி ஓட்டை விழுந்து கீழே இறங்கியது. லாரியில் என்ன இருந்தது தெரியுமா? அதே சாலையை ரிப்பேர் செய்ய எடுத்துப்போன தார்.

1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. போலீஸ், ஆசிரியர், குப்பை அள்ளுபவர் என்று ஆயிரக்கணக்கில் வேலையிலிருந்து அனுப்பினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் பாலத்துக்கு பெயின்ட் அடிக்கிற ஆளை யார் நினைப்பார்கள்? ஒரு வருஷம் பெயின்ட் அடிக்காமல் விட்டால் ஒன்றும் தெரியாது. ஐந்து வருஷம் விட்டாலும் தெரியாது. பாலம் அழாது. மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு கரைந்து, இணைப்பு இடைவெளிகள் வழியாகச் சொட்டி, நேராக அடியில் இருக்கும் உத்திரத்தின் மேல் விழும். 1988இல் பாலத்தை மூடவைத்தது கேபிள் இல்லை, இந்தச் சொட்டுதான். கேபிளைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. ஆனால் காலை வாரியது, யாரும் பேசாத குறுக்கு உத்திரம்.

1981 ஜூன் 28இல் புரூக்ளின் பாலத்திலேயே சாய்வாக ஓடும் இரண்டு கேபிள்கள் அறுந்து வீசியடித்தன. நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் புகைப்படக்காரர் அடிபட்டு இறந்தார். நல்ல கம்பி, நல்ல பூச்சு என்று நான் கொஞ்சம் முன்னால் புகழ்ந்த அதே பாலம். அறுந்தவை பிரதான கேபிள்கள் இல்லை. ஆனாலும் துரு துருதான். புறா எச்சமும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 1983இல் கனெக்டிகட் மாநிலத்தில் மியானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு தாவு இரவில் கழன்று விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். 1987 ஏப்ரல் 5இல் நியூயார்க் மாநிலத்திலேயே ஸ்கோஹரி ஓடைப் பாலம் வெள்ளத்தில் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். தண்ணீர் தூணுக்கு அடியில் இருந்த மண்ணை அரித்துவிட்டது. முந்தின வருஷம் அந்தப் பாலத்தைச் சோதித்திருந்தார்கள், ஆனால் தண்ணீருக்குள் இறங்கி அஸ்திவாரத்தை யாரும் பார்க்கவில்லை.

ஸ்கோஹரி விழுந்து ஒரு வருஷம், ஒரு வாரம் கழித்து வில்லியம்ஸ்பர்க் மூடப்பட்டது. அந்த முடிவை எடுத்த இன்ஜினியர்களின் மனசில் அந்தப் பத்துப் பேர் இருந்திருக்கமாட்டார்களா என்ன?

முடிவின் நடுவில் இருந்தவர் சாம் ஸ்வார்ட்ஸ். நகரப் போக்குவரத்துத் துறையின் தலைமை இன்ஜினியர். கிரிட்லாக் சாம் என்று நியூயார்க் முழுக்கத் தெரிந்த பெயர். கிரிட்லாக் என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியதில் அவருக்குப் பங்குண்டு. டிராஃபிக் ஜாமைத் தீர்ப்பதையே தொழிலாக வைத்திருந்த மனுஷன், நகரத்தின் மிக மோசமான டிராஃபிக் ஜாமை உண்டாக்கும் உத்தரவைக் கொடுக்க வேண்டிவந்தது. எட் காச் மேயராக இருந்த காலம். பாலத்தை மூடினால் திட்டு நிச்சயம். மூடாமல் விட்டு எதுவும் விழவில்லை என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மூடினவருக்கு, மூடாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நிரூபிக்கவும் வழியில்லை.

இப்போ அந்தப் பெரிய கேள்வி. இடிப்பதா, காப்பாற்றுவதா?

புதுப் பாலத்துக்கு ஒரு வடிவமைப்புப் போட்டியே நடத்தினார்கள். பெரிய பெரிய டிசைனர்கள் படம் அனுப்பினார்கள். புதுசு கட்ட ஆசை யாருக்குத்தான் இருக்காது? ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பேர் வரும். பழைய பாலத்தில் உத்திரம் மாற்றினதுக்கு யார் கல்வெட்டு வைக்கிறார்கள்? ஆனால் புதுப் பாலம் எங்கே கட்டுவது? பக்கத்தில் கட்டினால் இரண்டு கரையிலும் ஜனம் வாழும் வீடுகளை இடிக்க வேண்டும். அதே இடத்தில் கட்டினால் வருஷக்கணக்கில் ரயில் கிடையாது.

மாநிலமும் நகரமும் சேர்ந்து ஒரு தொழில்நுட்பக் குழுவைப் போட்டன. குழுவின் முன்னால் இருந்த கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அந்த 30,784 கம்பிகளில் இன்னும் எத்தனை வேலை செய்கின்றன?

இதைக் கண்டுபிடிக்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். எக்ஸ்ரே மாதிரி எதுவும் 47 சென்டிமீட்டர் இரும்பு வழியாகப் போய் அழகான படம் தராது. ஆள் மேலே ஏற வேண்டும். கேபிளைச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியை அவிழ்க்க வேண்டும். பிறகு ஆப்பு. ஆமாம், விறகு பிளக்கிற மாதிரி, ஆப்பை வைத்துச் சுத்தியலால் அடித்து, கம்பிகளுக்கு நடுவில் பிளவு உண்டாக்குவார்கள். சுற்றிலும் பல இடங்களில் இப்படிப் பிளந்து, டார்ச் அடித்து, நடு வரைக்கும் பார்ப்பார்கள். எந்தக் கம்பி பளபளப்பாக இருக்கிறது, எது காவி, எதில் குழி விழுந்திருக்கிறது, எது அறுந்திருக்கிறது என்று எண்ணிக் குறிப்பார்கள். சில கம்பிகளை வெட்டியெடுத்து லேபில் இழுத்துப் பார்ப்பார்கள். கொலம்பியா பல்கலைக்கழக ஆட்கள் இந்தக் கேபிளை வைத்து ஆராய்ச்சியே செய்தார்கள்.

இங்கேதான் பழைய டிசைனின் நல்ல குணம் வெளியே வருகிறது. தென்னந்துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்க்குகள் முறுக்கப்படவில்லை, பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கின்றன. இறுக்கமாகக் கட்டு போட்டிருக்கிறது. நடுவில் ஒரு ஈர்க்கு ஒடிந்தால் என்ன ஆகிறது? உருவிக்கொண்டு வருவதில்லை. கட்டின் அழுத்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. கேபிளும் அப்படித்தான். கொஞ்ச தூரத்துக்கு ஒரு பட்டை கேபிளை நெரித்துப் பிடித்திருக்கும். அதிலிருந்துதான் பாலத்தைத் தூக்கும் தொங்கு கயிறுகள் இறங்கும். ஒரு கம்பி ஓரிடத்தில் அறுந்தால் அந்த இடத்தில் அது வேலை செய்யாது. ஆனால் சில பட்டைகளைத் தாண்டிவிட்டால், பக்கத்துக் கம்பிகளின் உராய்வினால் திரும்பவும் தன் பங்கு பாரத்தை எடுத்துக்கொள்ளும். அதனால் பாலம் முழுக்க அறுந்த கம்பிகளை ஒன்றாகக் கூட்டி, இவ்வளவு போச்சு என்று கணக்குப் போடுவது தப்பு. ஒவ்வொரு இடத்திலும் அங்கே எத்தனை போச்சு என்று பார்க்க வேண்டும். சில்வர் பிரிட்ஜில் இரண்டு பட்டையில் ஒன்று போனதும் எல்லாம் முடிந்தது. இங்கே 7,696இல் சில நூறு போனாலும் மீதி சுமக்கிறது.

கணக்கு வந்தது. கேபிள் பழுதடைந்திருக்கிறது, பாதுகாப்புக் காரணி குறைந்திருக்கிறது, ஆனால் ஆபத்தான எல்லைக்குப் போகவில்லை. துருவை நிறுத்தினால் போதும். 1988லேயே பாலத்தைக் காப்பாற்றுவது என்று பரிந்துரை வந்தது. போட்டிக்கு வந்த படங்கள் ஃபைலுக்குப் போயின.

டிசைன் சேவை என்று கேட்டவுடன் நாம் புதுசாக ஒன்றை வரைவதைத்தான் நினைக்கிறோம். பழைய பாலத்தை டிசைன் செய்வது வேறு கலை. புதுப் பாலத்தில் பாரம் எவ்வளவு, ஸ்டீல் எப்படி என்பதை டிசைனர் முடிவு செய்கிறார். பழைய பாலத்தில் அதெல்லாம் செத்துப்போன ஒருவர் முடிவு செய்தது. அவர் வரைபடம் பாதி கிடைக்கும், பாதி கிடைக்காது. கிடைத்ததிலும் இடையில் எழுபது வருஷம் யார் யாரோ ஒட்டுப்போட்டிருப்பார்கள். உத்திரத்தை மாற்றவேண்டும், ஆனால் மாற்றுகிற நேரத்தில் அதன் மேல் ரயில் ஓடும். ஒரு உத்திரத்தைக் கழற்றினால் அது சுமந்த பாரம் அந்த இரவு எங்கே போகும்? அதையும் வரைந்து காட்ட வேண்டும். அமெரிக்காவில் 1972இல் வந்த ப்ரூக்ஸ் சட்டம் மத்திய அரசு வேலைகளுக்கு ஒரு விதி வைத்தது: டிசைன் செய்பவரைக் குறைந்த டெண்டர் பார்த்து எடுக்காதே, தகுதி பார்த்து எடு, கட்டணத்தை அப்புறம் பேசு. கட்டுகிற கான்ட்ராக்டரை விலை பார்த்து எடுக்கலாம், டாக்டரை விலை பார்த்து எடுக்கக்கூடாது என்ற மாதிரி. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

தொண்ணூறுகளில் கேபிள் வேலை நடந்தது. ஒவ்வொரு பகுதியாகச் சுற்றுக்கம்பியை அவிழ்த்து, ஆப்பு வைத்துத் திறந்து, உள்ளே சுத்தம் செய்து, எண்ணெய் ஊட்டி, அறுந்த கம்பிகளுக்குப் புதுத் துண்டு இணைத்து, திரும்ப இறுக்கிச் சுற்றினார்கள். முதலில் தெற்குப் பக்கச் சாலை, பிறகு வடக்குப் பக்கம். ஒரு பக்கம் வேலை, மறுபக்கம் டிராஃபிக். ரயில் பகுதிக்காக 1999இல் சில மாதங்கள் ரயிலை நிறுத்தினார்கள். இந்த முறை முன்கூட்டியே சொல்லி, மாற்று பஸ் விட்டு நிறுத்தினார்கள்.

நடுத் தாவில் சாலைத்தளத்தையே மாற்றினார்கள். கனமான கான்கிரீட் தளத்துக்குப் பதிலாக, அடியில் நீளவாக்கில் விலா எலும்பு மாதிரி வெல்டு செய்த மெல்லிய ஸ்டீல் தகடு. தளத்தின் எடை குறைந்தால், கேபிளில் ஒரு கம்பியைக்கூட மாற்றாமலே கேபிளுக்குப் பலம் கூடின மாதிரி. நோஞ்சான் ஆளுக்குச் சத்து ஊசி போடுவதற்குப் பதில் தலைச்சுமையை இறக்கிவைப்பது. ஆனால் இந்தத் தகட்டில் ஒரு பயம் உண்டு. லாரிச் சக்கரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, வெல்டு ஓரங்களில் களைப்பு விரிசல் வரும். அதனால் தளத்தின் ஒரு துண்டை நிஜ அளவில் செய்து, பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக லேபில் வைத்து, இயந்திரத்தால் லட்சக்கணக்கான தடவை அமுக்கிப் பார்த்தார்கள். எங்கே விரிசல் வருகிறது என்று பார்த்து வெல்டைத் திருத்தினார்கள். பாலம் விரிசல் விடுவதற்கு முன்னாலேயே லேபில் அதை விரிசல் விடவைத்துப் பார்த்தாகிவிட்டது.

இதற்கெல்லாம் நூறு கோடி டாலரை ஒட்டிச் செலவானது. 1903இல் பாலத்தைக் கட்ட ஆன செலவு சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர். பணத்தின் மதிப்பு மாறியிருக்கிறது, நேராக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் அந்தப் பில்லில் எழுபதுகளில் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட பெயின்டர்களின் சம்பளமும் எங்கேயோ ஒளிந்திருக்கிறது.

2003 டிசம்பரில் பாலத்துக்கு நூறு வயது. சைக்கிளில் போனால் அந்தக் கேபிள் கை எட்டும் தூரத்தில் ஓரிடத்தில் இறங்கி வரும். வெளியே பெயின்ட் புதுசு, சுற்றுக்கம்பி புதுசு. உள்ளே இருப்பது பக் போட்ட அதே பூச்சில்லாத கம்பிகள்தான், நூறு வருஷத்து எண்ணெய்களில் ஊறி, பெரும்பாலும் அப்படியே.

பக்கத்திலேயே மன்ஹாட்டன் பாலம். 1909இல் திறந்தது. அதில் ரயில் தண்டவாளத்தைப் பாலத்தின் இரண்டு ஓரத்திலும் வைத்துவிட்டார்கள். ஒரு ஓரத்தில் ரயில் வந்தால் அந்தப் பக்கம் தாழும், பாலமே துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. 1986இல் தண்டவாளங்களை மூட ஆரம்பித்தவர்கள், நாலையும் ஒன்றாகத் திரும்ப ஓடவிட்டது 2004 பிப்ரவரியில். அந்தப் பதினெட்டு வருஷம்தான் அடுத்த எபிசோட்.